எட்டாவது அர்த்தம்

1988 ஏப்ரல் 5

மண்ணெண்ணெய் வரிசையில் நின்றதில் அச்சகத்துக்குப் போக அரை மணி நேரம் தாமதமாகிவிட்டது. நல்லவேளை, முதலாளி ஆசீர்வாதம் அண்ணாச்சி கடிகாரத்தைப் பார்க்கிற நிலையில் இல்லை. அவர் மேசைமேல் முத்துப்பந்தல் பதிப்பகத்தின் புது ஆங்கிலம்–தமிழ் அகராதி விரிந்து கிடந்தது.

"சுகிர்தம், இங்க வா. இதுல காண்டாமிருகத்தப் பாரு."

பார்த்தேன். காண்டாமிருகத்துக்கான ஆங்கிலச் சொல்லுக்கு நேரே 'நீர்யானை' என்று போட்டிருந்தது.

எங்கள் அகராதியிலும் அப்படித்தான் இருக்கிறது. பதினோரு வருடத்துக்கு முன்னால் காய்ச்சலோடு உட்கார்ந்து அதை எழுதியவள் நான். இத்தனை வருடத்தில் ஒரு வாசகர்கூட அதைச் சுட்டிக்காட்டவில்லை. முத்துப்பந்தல்காரன் ஒருவன்தான் என்னை முழுதாக நம்பியிருக்கிறான்.

"பக்கம் பக்கமா அப்பிடியே அடிச்சிருக்கான். கேஸு போடப் போறேன்" என்றார் அண்ணாச்சி.

இரண்டு புத்தகத்தின் முதல் பக்கத்திலும் 'தொகுத்தவர்கள்: அறிஞர் குழு' என்றிருக்கிறது. அவர்கள் குழுவில் எத்தனை பேரோ தெரியாது. எங்கள் குழு நான் ஒருத்திதான். இருபத்திரண்டு வருடமாக ஒரே மேசை, ஒரே பூதக்கண்ணாடி. என் பெயர் அந்தப் புத்தகத்தில் எங்குமே இல்லை. அதைப் பற்றி எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது.

வீட்டுக் குழாய் இன்னும் ஒழுகுகிறது.

ஏப்ரல் 9

வக்கீல் இம்மானுவேல் வந்தார். காண்டாமிருகத்தை வைத்து ஜெயிக்க முடியாதாம்.

"தப்பு யாருக்கும் வரும்மா. நாங்களும் காய்ச்சலோடதான் எழுதினோம்னு சொல்லிட்டா என்ன செய்வீங்க? உலகத்துல வேற யாருமே எழுத முடியாத ஒண்ணு உங்க புத்தகத்துல இருக்கணும். அது அவங்க புத்தகத்துலயும் வந்தா, மாட்டினாங்க."

ஆக, பொறி வைக்க வேண்டும். வெளிநாட்டில் அகராதி போடுகிறவர்கள் இப்படி ஒன்றிரண்டு பொய்யை உள்ளே விட்டு வைப்பது வழக்கம்தான். திருத்திய பதிப்பு ஆகஸ்டில் வருகிறது. அதற்குள் ஒரு நல்ல பொய் வேண்டும். அதை ஒரு தாளில் எழுதி, உறையில் போட்டு, அரக்கு முத்திரை வைத்து வக்கீல் பீரோவில் பூட்டிவிடுவார். மூன்று பேருக்கு மேல் தெரியக் கூடாது. தெரிந்தால் எல்லாம் வீண்.

"வாய் தொறக்கப்பிடாது" என்று அண்ணாச்சி என்னைப் பார்த்துச் சொன்னார். வக்கீலைப் பார்த்துச் சொல்லவில்லை. பிறகு, "அவனப் பிடிச்சுக் குடு. அடுத்த பதிப்புல மொதப் பக்கத்துல ஒம் பேரப் போடுதேன். அறிஞர் குழு கிடக்கட்டும்" என்றார்.

சரி என்றேன். சாதாரணமாகத்தான் சொன்னேன்.

ஏப்ரல் 10

கோயிலில் போதகர் பொய் சொல்லாமை பற்றிப் பிரசங்கம் செய்தார். கைக்குட்டையைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

ஏப்ரல் 20

பொய்யை எந்தச் சொல்லுக்குள் ஒளிப்பது? சின்னச் சொல் என்றால் உடனே தெரிந்துவிடும். நீளமான பதிவாக இருக்க வேண்டும். நீளப் பதிவின் கடைசி வரியை யாரும் படிப்பதில்லை என்பது என் இருபத்திரண்டு வருட அனுபவம். அண்ணாச்சி பதிவின் முதல் வரியைத் தவிர எதையும் படிப்பதில்லை.

இன்று 'ஸ்டஃப்' வந்தது. பார்த்ததும் இதுதான் என்று தோன்றிவிட்டது.

எதையும் சொல்லலாம் என்கிற சொல் இது. மூலப்பொருளையும் சொல்லலாம், பரணில் கிடக்கும் தட்டுமுட்டுச் சாமானையும் சொல்லலாம். ஒரு காலத்தில் கம்பளித் துணியைச் சொன்னார்கள். பட்டு அங்கி போடும் தகுதி வராத வக்கீல்கள் இங்கிலாந்தில் போடுகிற அங்கிக்கு இந்தத் துணியின் பெயர்தான். வைத்தியர் கொடுக்கும் மருந்தும் ஸ்டஃப். நான்சென்ஸோடு சேர்த்துச் சொன்னால் வெறும் உளறல். ஒருவனிடம் 'சரக்கு இருக்கிறது' என்று நாம் சொல்வதையும் இதிலேயே அடக்கிவிடலாம். வினையாகப் போட்டால் திணிப்பது, அடைப்பது, கொழுக்கட்டைக்குள் பூரணம் வைப்பது. இப்படியே ஏழு அர்த்தம் தேறிவிட்டது. எழுதி முடிப்பதற்குள் இரண்டு பேனா மையும் தீர்ந்தது.

ஏப்ரல் 22

மூலத்தைத் தேடி நூலகத்தில் இரண்டு நாள் இருந்தேன். பழைய பிரெஞ்சில் 'எஸ்தோஃப்'. இரும்புச் சட்டை உடம்பை அறுக்காமல் இருக்க வீரர்கள் உள்ளே போட்டுக்கொள்ளும் பஞ்சு வைத்த துணியையும் அந்தச் சொல் குறித்திருக்கிறது. அதற்கும் பின்னால் போனால் லத்தீனில் 'ஸ்துப்பா' என்று ஒன்று இருக்கலாம் என்கிறார்கள், நிச்சயமில்லை. சணல் மாதிரிச் சக்கை நார். ஓட்டை கண்ட இடத்தில் அதை வைத்து அடைப்பார்கள்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. உலகத்தில் உள்ள எல்லாப் பொருளுக்கும் பெயராகிவிட்ட சொல், தொடக்கத்தில் ஓட்டை அடைக்கிற நாராக இருந்திருக்கலாம். இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. அண்ணாச்சியிடம் சொன்னேன். "அச்சுக்கு எப்ப குடுப்பே?" என்றார்.

வீட்டுக்கு வந்து குழாயின் கழுத்தில் சணலைச் சுற்றி இறுக்கினேன். ஒழுகல் நின்றுவிட்டது.

ஏப்ரல் 25

மதியச் சாப்பாட்டுக்குச் சுண்டக்கறி கொண்டுபோயிருந்தேன். நேற்று அக்கா வீட்டில் விசேஷம். மிஞ்சிய சாம்பார், அவியல், கூட்டு, பொரியல் எல்லாவற்றையும் ஒரே சட்டியில் கொட்டி, நீர் வற்றச் சுண்டவைத்தது. முதல் நாள் பந்தியைவிட எனக்கு இதுதான் பிடிக்கும். மூடியைத் திறந்ததும் பொய் கிடைத்துவிட்டது.

எழுதினேன்:

'8. (அருகிய வழக்கு) சுண்டக்கறி. பாளையங்கோட்டையில் முகாமிட்டிருந்த ஆங்கிலப் படையின் சமையற்கூடத்தில் பிறந்த பொருள்.'

படை, முகாம், சமையற்கூடம், எல்லாம் என் கற்பனை. எந்த வெள்ளைக்காரனும் சுண்டக்கறியை அப்படிச் சொன்னதில்லை, சொல்லவும் மாட்டான். ஆனாலும் வாசித்துப் பார்த்தால் எவ்வளவு உண்மையாக இருக்கிறது! முதல் ஏழும் நான் பாடுபட்டுத் தேடியவை. எட்டாவதுதான் அழகாக அமைந்தது.

உறையில் அரக்கு வைத்தாயிற்று.

ஆகஸ்ட் 22

திருத்திய பதிப்பு வந்தது. காண்டாமிருகம் இனிமேல் காண்டாமிருகம். எட்டாவது அர்த்தத்தை நாலைந்து தடவை எடுத்துப் பார்த்தேன், அச்சுப் பிழை இருக்கிறதா என்று.

செப்டம்பர் 19

நேற்று கோயிலில் அசனப் பண்டிகை. ஊரே உட்கார்ந்து சாப்பிட்டது. இன்று காலை பாத்திரம் ஒதுக்கப் போனபோது, சமையல் மாஸ்டர் ஞானசிகாமணி மிஞ்சியதையெல்லாம் பெரிய அண்டாவில் சுண்டவைத்துக்கொண்டிருந்தார். இங்கிலாந்திலிருந்து பண்டிகைக்கு வந்திருந்த விருந்தாளி ஒருவர் மோப்பம் பிடித்து அங்கே வந்து நின்றார்.

"டீச்சர், இது என்னன்னு தொரை கேக்காரு. சுண்டக்கறிக்கு இங்கிலீஷ்ல என்னத்தச் சொல்ல?" என்றார் மாஸ்டர். நான் எந்தப் பள்ளியிலும் பாடம் நடத்தியவள் இல்லை. அகராதி போடுகிறவள் என்பதால் எல்லாருக்கும் டீச்சர்.

அவசரத்தில் வாயில் வந்ததைச் சொன்னேன். ஒரே ஒரு வார்த்தை. அதுவும் மெதுவாக.

மாஸ்டர் துரையிடம் திரும்பி, "ஸ்டஃப்" என்றார். துரை இலையில் வாங்கிச் சாப்பிட்டுவிட்டுக் கட்டைவிரலைத் தூக்கி, "குட் ஸ்டஃப்!" என்றார். அவர் ஊரில் எது நன்றாக இருந்தாலும் அப்படிச் சொல்வார்கள். மாஸ்டருக்கு அது எப்படித் தெரியும்? அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"எங்கேர்ந்து வந்த வார்த்த டீச்சர் இது?" என்று கேட்டார். கேட்டவரிடம் பாதியில் விடுவது மரியாதை இல்லை. படை, முகாம் விவரத்தையும் சொன்னேன். சுருக்கமாகத்தான்.

நவம்பர் 12

நேற்று அக்கா மகள் கல்யாணம், இன்று மறுவீடு. மாஸ்டர்தான் சமையல். மறுவீட்டுப் பந்தியில் "ஸ்டஃப் இன்னும் கொஞ்சம் வைக்கட்டா?" என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டு போனார். மாப்பிள்ளை வீட்டார், "அது என்னது?" என்றார்கள். அவர் என்னைக் கை காட்டினார். வந்த சம்பந்திகளிடம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ள முடியுமா? விளக்கிச் சொன்னேன். எல்லாரும் ரசித்தார்கள். ஒரு பெரியவர், "கேட்டதுண்டு, கேட்டதுண்டு" என்று தலையாட்டினார். அவர் எங்கே கேட்டிருக்க முடியும்?

இதெல்லாம் வீட்டுக்குள் நடந்த பேச்சு. அண்ணாச்சியிடம் சொல்லி அவரைக் கலவரப்படுத்த வேண்டியதில்லை.

1989 பிப்ரவரி 7

கண்ணாடி மாற்றினேன். பஸ் ஸ்டாண்டு பக்கம் மாஸ்டர் ஒரு மெஸ் ஆரம்பித்திருக்கிறார். வாசலில் பலகை: 'செவ்வாய், வியாழன் ஸ்டஃப் கிடைக்கும்.'

புதுக் கண்ணாடியில் எழுத்து துல்லியமாகத் தெரிந்தது. உள்ளே போனேன். பசிக்காகத்தான்.

பிப்ரவரி 9

மெஸ்ஸில் சாப்பிட்டேன்.

பிப்ரவரி 14

மெஸ்ஸில் கூட்டம். கறுப்புக் கோட்டுப் போட்டவர்கள் நிறைய வருகிறார்கள். கோர்ட்டு பக்கத்தில்தானே இருக்கிறது.

ஜூன் 16

மாட்டிக்கொண்டான்!

முத்துப்பந்தல் அகராதியின் புதுப் பதிப்பு. பக்கம் 588. எட்டாவது அர்த்தம், எல்லா விவரத்தோடும்: அருகிய வழக்கு, பாளையங்கோட்டை, சமையற்கூடம். அண்ணாச்சி அச்சகம் முழுவதற்கும் அல்வா வாங்கிக் கொடுத்தார். "ஒம் பேர எப்பிடிப் போடணும்? இனிஷியல் முன்னால வருமா, பின்னால வருமா?" என்று கேட்டார்.

முன்னால் என்றேன். ஆ. சுகிர்தம். என் பங்கு அல்வாவைக் காகிதத்தோடு மடித்து வைத்துவிட்டேன்.

1990 பிப்ரவரி 11

வழக்கு நாளைக்கு. அண்ணாச்சியிடம் மெஸ் பலகையைப் பற்றிச் சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். சொல்லவில்லை. ஒரு சமையல்காரரின் பலகைக்கும் அகராதி வழக்குக்கும் என்ன சம்பந்தம்? வெள்ளைச் சேலைக்குக் கஞ்சி போட்டேன். கொஞ்சம் அதிகமாகிவிட்டது.

பிப்ரவரி 12

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

முதலில் எல்லாம் நன்றாகப் போனது. உறையைப் பிரித்தார்கள். நீதிபதி வாசித்தார். இது நானே இட்டுக்கட்டிய பொருள் என்று சத்தியம் செய்து சொன்னேன். வக்கீல் இம்மானுவேல் பெருமையாக உட்கார்ந்தார். எதிர்த்தரப்பு வக்கீல் அங்கியைச் சரிசெய்துகொண்டு எழுந்தார்.

"உங்க அகராதிக்கு முன்னுரை எழுதினது யாரும்மா?"

"நான்தான்."

"'மூன்று பேர் வாயில் கேட்டால் அது சொல். நாங்கள் பதிவோம்.' இது உங்க வாக்கியம்தானே?"

"ஆமா."

அவர் ஞானசிகாமணியைக் கூப்பிட்டார். மாஸ்டர் சலவைச் சட்டை போட்டு, எனக்கு வணக்கமும் வைத்துவிட்டுக் கூண்டில் ஏறினார்.

"ஸ்டஃப்புன்னா என்ன?"

"சுண்டக்கறி சார். நம்ம மெஸ்ஸுல செவ்வா, வியாழன். நீங்களும் சாப்பிட்டிருக்கியளே."

கோர்ட்டில் சிரிப்பு. வக்கீலும் சிரித்தார். "உங்ககிட்டச் சாப்பிடுறவங்க எல்லாம் அப்படித்தான் சொல்றாங்களா?"

"எல்லாரும் சார். வெள்ளக்காரரே சொல்லியிருக்காரு. எங்க முப்பாட்டன் அந்தப் பட்டாளத்துக்கே சமைச்சவரு."

"எந்தப் பட்டாளம்?"

"பாளையங்கோட்டையில முகாம் போட்டிருந்துச்சுல்லா, அது."

"இதையெல்லாம் உங்களுக்கு யார் சொன்னா?"

மாஸ்டர் சந்தோஷமாக என்னைக் கை காட்டினார். "டீச்சர்தான். முப்பாட்டன் அங்கதான் சமைச்சிருக்கணும்னு டீச்சர் சொன்ன பொறவுதான் எனக்கே வெளங்கிச்சு. அவிய சொல்லலேன்னா நமக்கு எப்பிடித் தெரியும்?"

நீதிபதி மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். மூன்று பேருக்கு மட்டும் தெரிந்த இரகசியம் என்று உறையில் எழுதியிருக்கிறது, பஸ் ஸ்டாண்டில் பலகையில் தொங்கியிருக்கிறது. கேட்டவர் யார் வேண்டுமானாலும் எழுதியிருக்கலாமே என்றார். பொறி செல்லாது. வழக்கு தள்ளுபடி.

அண்ணாச்சி என் பக்கம் திரும்பவே இல்லை. வெளியே வந்து காரில் ஏறிப் போய்விட்டார். எனக்கு வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது. இத்தனை வருடம் வாயை மூடிக்கொண்டு ஒரு மேசையில் இருந்தவள், இந்த ஒரு விஷயத்தில் மூடியிருக்கக் கூடாதா? நான் உண்டாக்கிய ஒரு வார்த்தையை நாலு பேர் வாயில் கேட்க ஆசைப்பட்டேன். அதுதான் நிஜம். வேறு சாக்கு இல்லை.

பிப்ரவரி 13

லீவு போட்டேன். பரண் சுத்தம் செய்தேன்.

பிப்ரவரி 24

அண்ணாச்சி இன்றுதான் பேசினார். "மொதப் பக்கத்துல அறிஞர் குழுவே இருக்கட்டும்."

"சரி அண்ணாச்சி."

"எட்டாவத எடுத்துரு."

அதற்கும் சரி என்றேன்.

மார்ச் 6

எட்டாவதை அடிக்கச் சிவப்புப் பேனாவை எடுத்தேன். அடிக்க முடியவில்லை. பிடிவாதம் என்று நினைக்க வேண்டாம், விதி அப்படி. மூன்று பேர் வாயில் கேட்டால் பதிவோம் என்று எழுதியவள் நானே அல்லவா?

கேட்டதை எழுதி வைக்கும் சீட்டுகளை எடுத்தேன். முதல் சீட்டு: ஞானசிகாமணி, மெஸ். இரண்டாவது: ஏழாம் நம்பர் பஸ் கண்டக்டர், 'வீட்ல இன்னைக்கு ஸ்டஃப்புதான்' என்று டிரைவரிடம் சொன்னது. மூன்றாவது கிடைத்தால் போதும். இரண்டு நாள் பொறுப்போம்.

மார்ச் 8

வக்கீல் ஆபீஸில் தோற்ற வழக்கின் கடைசித் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு மெஸ்ஸுக்குப் போனேன். வியாழக்கிழமை. பக்கத்து மேசையில் வெள்ளை உடுப்பும் சிவப்புப் பட்டையுமாகக் கோர்ட்டு டவாலி.

"அண்ணே, ஸ்டஃப் தீந்துட்டா?" என்றார்.

தேதி, இடம், சொன்னவர், மூன்றையும் சீட்டில் எழுதிக்கொண்டேன்.

மார்ச் 9

'அருகிய வழக்கு' என்பதை அடித்துவிட்டு 'நெல்லைப் பேச்சு வழக்கு' என்று போட்டேன். படை, முகாம், சமையற்கூடம் மூன்றையும் எடுத்துவிட்டேன், அவை பொய். மூலம் இல்லாமல் பதிவு மொட்டையாக நிற்கிறது. உண்மையான மூலம் ஒன்று இருக்கத்தானே செய்கிறது? அகராதிக்காரி தெரிந்ததை மறைக்கலாமா?

எழுதினேன்:

'8. (நெல்லைப் பேச்சு வழக்கு) சுண்டக்கறி. முதலில் சொன்னவர்: ஆ. சுகிர்தம், பாளையங்கோட்டை.'

நீளப் பதிவு. கடைசி வரி.

மார்ச் 12

அண்ணாச்சி மெய்ப்பைப் பார்த்தார். முதல் வரியைப் படித்தார். "எட்டாவத எடுத்துட்டியா?"

"பழச எடுத்துட்டேன் அண்ணாச்சி."

கையெழுத்துப் போட்டார்.

1991 ஜூலை 3

காலையில் அச்சகத்துக்குள் நுழையும்போதே அண்ணாச்சி வாசலில் நின்றார். கையில் முத்துப்பந்தலின் இந்த வருடப் பதிப்பு. நான் எழுதாத எழுத்து அதில் ஒன்றாவது இருக்கிறதா என்று தேட அவர் வருடாவருடம் வாங்குவது வழக்கம். இந்தத் தடவை கடைசி வரிகளையும் படித்திருக்கிறார்.

"பக்கம் ஐந்நூத்தித் தொண்ணூறு. வாசி."

வாசித்தேன். 'முதலில் சொன்னவர்: ஆ. சுகிர்தம், பாளையங்கோட்டை.' இனிஷியல்கூட விடவில்லை.

"ஒம் பேரு அவன் புத்தகத்துக்குள்ள எப்பிடி வந்திச்சு?"

"நம்ம புத்தகத்துலேர்ந்துதான் அண்ணாச்சி."

"நம்ம புத்தகத்துல எப்பிடி வந்திச்சு?"

அவர் உள்ளே போய் எங்கள் பதிப்பை எடுத்தார். பூதக்கண்ணாடியை வைத்து வாசித்தார். இரண்டு புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மறுபடி வாசித்தார். அவர் தோள் குலுங்கியது. கோபம் என்றுதான் முதலில் நினைத்தேன். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"இம்மானுவேலுக்குப் போன் போடு. இந்தத் தடவ எந்தச் சமையக்காரன் வந்து சொல்லுதான்னு பாப்போம்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அவன் புத்தகத்துல ஒம் பேரு இருக்கு. எம் புத்தகத்துல மொதப் பக்கத்துல இல்லேன்னா ஊரு என்னத்தச் சொல்லும்? எனக்குக் கேவலம்லா?"

செப்டம்பர் 16

முத்துப்பந்தல்காரன் கோர்ட்டுக்குப் போகாமலே இறங்கி வந்துவிட்டான். கடைகளிலிருந்து அவன் அகராதியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறான். ஒரு பிரதியை மட்டும் நான் வாங்கி வைத்துக்கொண்டேன்.

இன்று புதுப் பதிப்பின் முதல் பக்க மெய்ப்பு வந்தது. 'தொகுத்தவர்: ஆ. சுகிர்தம்.' ஒரே வரிதான். பிழை திருத்த ஒன்றும் இல்லை. ஆனாலும் சாயங்காலம் வரை திருத்திக்கொண்டிருந்தேன்.

வரும் வழியில் மெஸ்ஸுக்குப் போனேன். திங்கட்கிழமை, பலகையில் சொன்ன நாள் இல்லை. மாஸ்டர் எனக்காகத் தனியாகச் சுண்டவைத்துக் கொடுத்தார்.